குடுமி வெட்டிய கோழிகள்

என் வீட்டில் வளர்ந்த முதல் சில்க்கிக் கோழியைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டது, "இதுல எந்தப் பக்கம்மா மூஞ்சி?" என்றுதான். கேட்டதில் தப்பில்லை. சில்க்கிக்கு மற்றக் கோழிகளைப் போல இறகு கிடையாது, முடிதான். உடம்பெல்லாம் பஞ்சு, காலிலும் பஞ்சு, தலையில் குடை விரித்தாற்போல் ஒரு குடுமி. அந்தக் குடுமி கண்ணை மூடிக்கொண்டு தொங்கும். வெள்ளை முடியை விலக்கினால் உள்ளே தோல் கரி நிறம், காதோரம் நீலம். ஊர்க் கோழிக்கெல்லாம் காலில் நாலு விரல், இதற்கு மட்டும் ஐந்து. பறக்கத் தெரியாது, கம்பில் ஏறி உட்காரத் தெரியாது, பொழுது சாய்ந்தால் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகத் தூங்கும். கடவுள் வேறு எதையோ செய்ய உட்கார்ந்து, பாதியில் யாரோ கூப்பிட்டு எழுந்து போய், திரும்பி வந்து கோழி என்று பேர் வைத்துவிட்டார் போல.

நான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள். ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். என் கூட வேலை செய்தவர்கள், இவள் நேரம் பார்த்துப் பார்த்தே பாதி செத்தவள், இவளுக்கு எதற்குக் கடிகாரம் என்று, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கோழிக்குஞ்சுகளைப் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து பெருகியதுதான் என் கூட்டம். ஒரு சேவல், ஆறு பெட்டை. சேவலுக்கு வேலை வெட்டி எதுவும் கிடையாது, அதனால் அவன் பேர் ஜமீன்தார். பெட்டைகளில் ஒருத்தி எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவாள், அவள் வக்கீலம்மா. சத்தமே போடாமல் எல்லாருடைய தீனியையும் தின்கிறவள் ஊமச்சி.

அந்தச் சலவை மெஷின்களுக்கு மேலே கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேசுகிற பழக்கமே விட்டுப்போனது. காதும் கொஞ்சம் மந்தம். நான் யாரிடமாவது ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லுவார். கோழிகளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஏழும் உருண்டு புரண்டு ஓடிவரும். என் குரலைக் கேட்டு ஓடிவந்த உயிர்கள் அதற்கு முன்னால் எனக்கு இருந்ததில்லை.

மகளை நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது, சம்பாதித்துப் போட்டேன். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஓடினேன். அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மடியில் வளர்ந்தாள். முதல் அடி எடுத்து வைத்ததையும் முதல் பல் விழுந்ததையும் அந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது என் குற்றம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். வயிற்றெரிச்சல் மட்டும் இருந்தது. அது கடைசிவரை ஆறவில்லை.

சில்க்கி வளர்ப்பது என்றால் சும்மா இல்லை. மழையில் நனைந்தால் மற்றக் கோழி உதறிவிட்டுப் போகும், இது தண்ணீரில் ஊறின பஞ்சு மாதிரி உட்கார்ந்துவிடும். அப்படியே விட்டால் விறைத்துச் செத்துவிடும். துண்டால் துடைத்து, மடியில் வைத்து, ஹேர் டிரையரில் காயவைக்க வேண்டும். முட்டை கொஞ்சம்தான் இடும், இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். கீழே முட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. ஊமச்சி ஒருமுறை ஒரு வெங்காயத்தின்மேல் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். எடுக்கப் போனால் உறுமினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் தலை. சில்க்கிகளில் பாதிப் பேருக்கு மண்டை ஓடு முழுதாக மூடாது. குடுமிக்கு அடியில் கட்டைவிரலை வைத்தால் மெத்தென்று இருக்கும், தோலுக்குக் கீழே எலும்பு இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய கோழி ஓங்கி ஒரு கொத்து கொத்தினால் கதை முடிந்தது. அதற்கு மேலே இருக்கிற ஒரே கூரை அந்தக் குடுமிதான். ஆனால் குடுமியோ கண்ணை மறைக்கிறது, தீனி இருக்கும் இடம் தெரியாமல் சுவரில் முட்டிக்கொள்கின்றன. அதனால் நான் வாராவாரம் ஏழு பேரையும் மடியில் உட்காரவைத்து, குடுமியைத் தூக்கிச் சின்ன ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுவேன். பக்கத்து வீட்டில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, பள்ளிக்கூடத்துக்கா கெளம்புறாங்க?" என்று கேலி செய்வார்கள். ஆமாம், உன் பிள்ளையைவிட இதுங்க நல்லாப் படிக்கும் என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அவள் வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் ஆபீசில், லீவு முடிந்தால் போய்த்தான் ஆகவேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் முதலில் கேட்டார்கள். சம்பந்தியம்மா தன் மூத்த மகன் வீட்டில் இருந்தார், அங்கேயே தனக்கு வேலை சரியாக இருக்கிறது, வரமுடியாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் என் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை பின்வாசல்வரை வந்து ஜமீன்தாரை நலம் விசாரித்தார். அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்தது.

வந்து நிரந்தரமாகத் தங்களோடு இருந்துவிட வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர்கள் இருப்பது ஐந்தாவது மாடியில். கோழியைக் கொண்டுவர முடியாது. ஒன்றே ஒன்றை பால்கனியில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். முடியும் தூசியும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது, நெஞ்சில் சளி கட்டும் என்றார் மாப்பிள்ளை. யோசிக்க நேரம் கொடுங்கள் என்றேன். அப்போது மகள் என்னைப் பார்க்காமல் குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"என்னை வளக்கத்தான் உனக்கு நேரம் இல்ல. அதை நான் தப்பு சொல்லலம்மா. இவனையாவது நீ வளப்பேன்னு நெனச்சேன்."

அவள் வேண்டுமென்றே சொன்னாளா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே சொல்லியிருந்தால் கெட்டிக்காரி, சும்மா வாயில் வந்திருந்தால் அது அதைவிடக் கொடுமை. எப்படியானாலும் நான் அன்றைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு குழந்தையை விழித்ததிலிருந்து தூங்கும்வரை முழுசாகப் பார்க்க எனக்கு இன்னொரு வாய்ப்பு வரும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

கோழிகளுக்கு இடம் பார்த்ததும் மாப்பிள்ளைதான். அவருடைய ஆபீஸ் நண்பரின் அண்ணன் ஊருக்கு வெளியே முட்டைக்கோழி வளர்க்கிறார். நல்ல மனிதர், வெள்ளைக் கோழி ஆசையாக இருக்கிறது, கொடுங்கள் என்றார். நான் அவரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, உங்கள் பெரிய கோழிகளோடு இவர்களைச் சேர்க்கவே கூடாது, தனிக் கூண்டு வேண்டும். இரண்டு, ஈரம் கூடவே கூடாது. அவர் இரண்டுக்கும் தலையாட்டினார். தனிக் கூண்டு அடித்துப் படமும் எடுத்து அனுப்பினார். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

அனுப்புவதற்கு முந்தைய நாள் குடுமி கட்ட உட்கார்ந்தேன். ரப்பர் பேண்டைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. அங்கே யார் இவர்களுக்கு வாராவாரம் கொண்டை போட்டுவிடப் போகிறார்கள்? முந்நூறு கோழி வைத்திருக்கிற மனிதரிடம் போய், ஐயா, இதுங்களுக்குத் தலை பின்னிவிடுங்கள் என்று சொல்ல முடியுமா? புது இடம் வேறு, கண் தெரியாமல் தண்ணீர்த் தொட்டியில் போய் விழும். தனிக் கூண்டில் கொத்துவதற்குத்தான் யாரும் இல்லையே, கண் தெரிந்தால் போதும் என்று கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். ஏழு பேருக்கும் குடுமியை ஒட்ட வெட்டினேன். ஊமச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா வழக்கம்போல் வாதாடினாள். வெட்டி முடித்ததும் ஏழு பேரும் தலையைத் திருப்பித் திருப்பித் தோட்டத்தைப் பார்த்தார்கள். இத்தனை நாள் இருந்த இடத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார்கள் போலிருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன். மறுநாள் அவர்களை ஏற்றி அனுப்பியதும் மாப்பிள்ளை கூண்டைப் பிரித்து, பலகைகளை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டார்.

ஐந்தாவது மாடி வாழ்க்கை ஆரம்பத்தில் எனக்கும் பேரனுக்கும் ஒத்துவரவில்லை. நான் வாயைத் திறந்தால் அவன் தூக்கிவாரிப் போட்டு அழுவான். மகள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடப்பாள். மாப்பிள்ளைக்கு என் குரல் தலைவலி, ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார், கதவை மெதுவாகச் சாத்துவார். சாத்துகிற சத்தமே கேட்காத அளவுக்கு மெதுவாகச் சாத்துவார், அதிலேயே எனக்குப் புரிந்துவிடும். பால் புட்டியை எத்தனை நேரம் கொதிக்கவைப்பது என்பதிலிருந்து எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்பதுவரை எல்லாவற்றுக்கும் போனில் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சரி எத்தனை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆனால் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீடு எங்களுடையது. பேரனை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சலவைக் கதையெல்லாம் என் சொந்தக் குரலில் சொல்லுவேன். என்ன ஆயிற்றோ, கொஞ்ச நாளில் அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. காதை என் நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் சட்டைப் பித்தானைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் கத்தக் கத்தத் தூங்குவான். நான் பேச்சை நிறுத்தினால் கண்ணைத் திறப்பான். பிறகு மற்றவர்கள் எவ்வளவு மெதுவாகத் தாலாட்டினாலும் அவன் தூங்கமாட்டேன் என்று அடம் பிடித்தான். நீயே வச்சுக்கம்மா என்று மகள் அலுத்துக்கொண்டு நீட்டுவாள். நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்வேன். உள்ளுக்குள் கூத்தாடினேன், அதை மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில்தான் விடாத மழை பிடித்தது. மழை தொடங்கியதிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. பண்ணைக்காரருக்கு போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. மழை விட்ட பிறகு அவரே கூப்பிட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் நானே கேட்டுவிட்டேன், எத்தனை போச்சு என்று.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மகளிடம் விட்டுவிட்டு, கோழிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பண்ணைக்காரர் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தனிக் கூண்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதாம். ஈரம் கூடவே கூடாது என்று நான் சொன்னது ஞாபகம் வந்து, இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய்ப் பெரிய கொட்டகையில் விட்டிருக்கிறார். ஊரிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான் என்றார். ஒரே ராத்திரிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தாராம். அவரை நான் என்ன திட்டுவது? நான் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது, அவர் ஒன்றைக் காப்பாற்றினார்.

"தலையிலதாம்மா கொத்தியிருக்கு. எல்லாத்துக்கும் ஒரே எடம். முடி இல்லாம கறுப்பா மொட்டையாத் தெரிஞ்சிச்சு இல்ல, பூச்சியோ என்னமோன்னு நெனச்சு கொத்தியிருக்குங்க. முடி இருந்திருந்தா தப்பிச்சிருக்குமோ என்னமோ."

அவருக்கு அதை வெட்டியது யார் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. புதைத்த இடத்தைக் காட்டினார். மண் ஈரமாக இருந்தது. ஜமீன்தார் மட்டும் பிழைத்திருந்தான். கொட்டகைக்குள் பெரிய பெட்டைகளுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். நான் என் குரலில் கூப்பிட்டேன். தலையைக்கூடத் திருப்பவில்லை. கூட்டிப் போகிறீர்களா என்று பண்ணைக்காரர் கேட்டார். இருக்கட்டும், அவன் புதுக் குடித்தனம் நல்லாத்தான் நடக்குது என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு மடியில் கிடந்த வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்த கை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மகளும் மாப்பிள்ளையும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். டிவி ஓடவில்லை. உட்காரும்மா என்று மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் எனக்கு யாராவது டீ போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இவர்களுக்கு எப்படித் தெரிந்தது, பண்ணைக்காரர் சொல்லிவிட்டாரா என்று நினைத்தேன். ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பைத்தியக்காரி, எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

விஷயம் அது இல்லை. சம்பந்தியம்மாவுக்கும் மூத்த மருமகளுக்கும் ஏதோ பெரிய வாக்குவாதமாம். இனி அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாராம். இங்கே வருகிறார். பேரனைப் பார்த்துக்கொள்ள அவருக்கும் உரிமை இல்லையா என்றார் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே. இருப்பது இரண்டே அறை. அவர் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், மெதுவாகப் பேசுவார், குழந்தைக்கும் அது நல்லது என்றார். நான் டீயைக் கீழே வைத்தேன். மகள் என் பக்கத்தில் நகர்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"நீயும்தான் பாவம்மா. உடம்பு இங்க, மனசு அங்க. இன்னைக்கும் லீவு நாள்னு பாக்காம அதுங்களப் பாக்க ஓடுற. எங்களுக்குப் புரியாதா? உன் வீட்டுக்கே போய் உன் கோழிங்களோட நிம்மதியா இரு."

அதை அவள் எனக்குக் கொடுக்கிற பரிசு மாதிரி சொன்னாள். யோசித்து வைத்திருந்திருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். செத்துப்போச்சுங்க, ஜமீன்தாரைத் தவிர எல்லாம் போச்சு என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினேன் போலிருக்கிறது. என்னம்மா, என்னம்மா என்று அவள் திரும்பக் கேட்டாள், இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளை எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு மகள் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"வேற வாங்கிக்கலாம்மா. அதே மாதிரி வெள்ளையாப் பாத்து நானே வாங்கித் தர்றேன். கூண்டும் புதுசாவே அடிச்சுடலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஐந்து மாடிக்கும் கேட்டிருக்கும். ஒன்று போனால் அதே மாதிரி இன்னொன்று என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நான்தானோ? அம்மா இல்லாத இடத்தில் தையல்காரம்மாவை வைத்துவிட்டுப் போனவள் நான்தானே. அந்த நினைப்பு வந்ததும் எப்போது கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அத்தை சனிக்கிழமைதாம்மா வர்றாங்க. அதுவரைக்கும் இரு, எனக்கு லீவு கெடைக்காது. அப்புறம்," என்று இழுத்தாள். "அவன் உன்கிட்ட மட்டும்தான் தூங்குறான். எப்படித் தூங்கவைக்கிறதுன்னு அத்தைக்கு ஒரு தடவை காட்டிட்டுப் போம்மா. எங்களுக்கு அது வரவே மாட்டேங்குது."

சரி என்றேன். உள்ளே பேரன் விழித்துச் சிணுங்கினான், மகள் எழுந்திருப்பதற்குள் நான் போய்த் தூக்கிக்கொண்டேன். அவன் தலையைச் சாய்த்து, கையால் துழாவிப் பித்தானைப் பிடித்தான். என் மகள் அந்த வயதில் எதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. இவன் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவான் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதையும் சனிக்கிழமை கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.